அலை ஓயும் குளம்



அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று கரையிலே காத்திருப்பவனைப் பற்றி நம்மவரிடையே ஒரு பழமொழி நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அலை ஓயப்போவதும் இல்லை. அவன் நீராடப்போவதும் இல்லை. தடைகள் எல்லாம் நீங்கிய பின்பே செயலில் இறங்குவேன் என்று சொல்பவரைத் திருத்துவதற்கு இதைவிடச் சுருக்கமான அறிவுரை கிடையாது. ஆனால் இப்பழமொழி பொய்த்துப்போகும் நீர்நிலைகள் இந்நாளில் உலகின் பல ஊர்களில் தோன்றியிருக்கின்றன. அங்கே ஒரு விசையை முடுக்கினால் அலை எழுகின்றது. விசையை நிறுத்தினால் அலை ஓய்கின்றது. அவற்றைச் செயற்கை அலைக்குளங்கள் என்று நாம் கூறலாம். அத்தகைய குளம் ஒன்றில் நானும் என் மகளும் முதன்முறையாக அலைச்சறுக்குப் பழகிய அனுபவத்தையும், அதனையொட்டி எழுந்த சில எண்ணங்களையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அலைச்சறுக்கு என்பது, கரையை நோக்கி வரும் அலையின் சரிவிலே ஒரு பலகையின்மீது நின்று சறுக்கி வரும் கலை. பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளில் அது தொன்றுதொட்டு அரசரும் குடிமக்களும் ஒருங்கே பயின்ற கலையாகும். 1778-ஆம் ஆண்டில் அத்தீவுகளை அடைந்த கேப்டன் குக்கின் குழுவினர், அங்குள்ள மக்கள் அலைமீது ஏறி விளையாடுவதைக் கண்டு வியந்து எழுதிவைத்தனர். 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ட்யூக் கஹனமோக்கு என்னும் ஹவாய் வீரர், 1914-ஆம் ஆண்டின் இறுதியில் சிட்னி நகருக்குச் சென்று, ஒரு மரப்பலகையைத் தாமே செதுக்கி, அங்குள்ள கடற்கரையில் அலைமீது நின்று காட்டினார். ஆஸ்திரேலிய மக்கள் இக்கலையைத் தமதாக்கிக் கொண்டதற்கு அந்நிகழ்ச்சி பெரிதும் காரணமாயிற்று.

அலையைக் கடக்கும் திறம் நமக்குப் புதியதன்று. சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் பண்டங்களையும் கொந்தளிக்கும் அலைகளின் ஊடே கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியால் அறையாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைத்தமையால், அலை மோதும்போது அப்படகுகள் பிளவாமல் வளைந்து கொடுத்தன. அவற்றோடு கட்டுமரங்களும் உடன் செல்லும். எவரேனும் நீரில் வீழ்ந்தால் கட்டுமரக்காரர் பாய்ந்து மீட்பர். கட்டுமரம் என்ற நம் சொல்லே உருமாறி உலக மொழிகள் பலவற்றில் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும், தமிழகத்தை விட்டு நாகபுரியிலும் டில்லியிலும் போபாலிலும் குடியேறிய நம்மைப் போன்றவர்களுக்குக் கடல் என்பது, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது மாலை நேரத்தில் காணும் ஒரு காட்சியாகச் சுருங்கிவிட்டது. நம் பிள்ளைகளுக்கோ அதுவும் அரிது.

என் மகள் நாகபுரியில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ஆறு வயதாயிருந்தபோது பூரிக் கடற்கரையில் ஓர் அலை அவளைப் புரட்டிவிட்டது. ஒரு கணம்தான், அடுத்த கணமே தூக்கிவிட்டோம். எனினும் அந்த ஒரு கணம் அவள் உள்ளத்தில் ஆறாத வடுவாகத் தங்கிவிட்டது. அதன் பிறகு கடல் என்றால் மணலோடு நின்றுவிடுவாள். நீச்சற்குளத்தில் நீந்தக் கற்றாள், நன்றாகவே நீந்தினாள். ஆனால் அலை என்ற சொல் காதில் விழுந்தால் முகம் வாடிவிடும். 2023-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், மெல்போர்னில் பணிபுரியும் என் தம்பியின் வீட்டுக்கு நாங்கள் சென்றபோது அவளுக்கு வயது பதின்மூன்று. அந்நகரின் விமான நிலையத்துக்கு அருகே, டல்லமரைன் என்னுமிடத்தில், 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அலைக்குளத்துக்கு எங்களை அழைத்துச் சென்றவன் அவனே.

அக்குளத்தின் இயல்பை விளக்குமுன் அலையின் பிறப்பைச் சற்று அறிந்துகொள்ளுதல் நலம். கடல் அலைகளைப் பிறப்பிப்பது காற்று. எங்கோ நடுக்கடலில் வீசும் காற்று நீர்ப்பரப்பின்மீது தன் ஆற்றலைச் செலுத்துகிறது; அந்த ஆற்றல்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து கரைக்கு வருகிறதேயன்றி, நீர் அவ்வளவு தொலைவு வருவதில்லை. ஆழ்கடலில் மிதக்கும் தேங்காய், அலை கடந்து செல்லும்போது ஏறி இறங்கி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்பதைக் கொண்டு இதனை உணரலாம். கரையருகே ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தடைப்படுகிறது; பின்வரும் நீர் நெருக்குகிறது; அலை உயர்ந்து செங்குத்தாகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது அதன் முடி நிலைகொள்ளாமல் சரிந்து உடைகிறது. அலை ஒரே வீச்சில் முழுவதும் உடைந்துவிட்டால் சறுக்குவதற்கு இடமில்லை. ஒரு முனையில் உடையத் தொடங்கி, மறுமுனையை நோக்கிச் சீராக உடைந்துகொண்டே செல்லும் அலையே சறுக்குவோர் விரும்பும் அலை. அத்தகைய அலைக்குக் காற்றும் கடலடித் தரையும் கரையின் அமைப்பும் ஒருங்கே பொருந்த வேண்டும். கடற்கரையில் நாட்கணக்கில் காத்திருந்தும் நல்ல அலை காணாமல் திரும்புவோர் பலர்.

இக்காத்திருப்பை ஒழிக்கவேண்டும் என்ற வேட்கையே அலைக்குளங்களைப் படைத்தது. நீராடி மகிழ்வதற்கான அலைக்குளம் பழமையானது. புடாபெஸ்ட் நகரின் கெல்லர்ட் நீராட்டகத்தில் 1927-ஆம் ஆண்டிலேயே ஒன்று அமைந்தது. சறுக்குவதற்கேற்ற பெரிய அலையை அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பாலை நிலத்தில், டெம்பி என்னும் ஊரில், 1969-ஆம் ஆண்டில் எழுப்பிக் காட்டினர். நீரை உயரமான தொட்டியில் ஏற்றி, அடியிலுள்ள மதகுகளைத் திடீரெனத் திறந்துவிடும் முறை அங்கே கையாளப்பட்டது. ஜப்பானில் மியாசாகியில் 1993 முதல் 2007 வரை, கூரையோடு கூடிய ஒரு பெருங்குளம் இயங்கியது. பதினொரு முறை உலக வாகை சூடிய கெல்லி ஸ்லேட்டர், கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால், கலிபோர்னியாவின் விவசாயப் பகுதியாகிய லெமூரில் ஒரு நீண்ட குளத்தை அமைத்து, 2015-ஆம் ஆண்டின் இறுதியில் உலகுக்கு அறிவித்தார். நீருக்குள் அமைந்த இறகு போன்ற ஒரு தகட்டைத் தண்டவாளத்தின் வழியே இழுத்துச் செல்ல, அதன் பின்னே அலை எழுகிறது. வேறு சில குளங்களில் அறைகளில் அடைத்த காற்றின் அழுத்தத்தால் நீரைத் தள்ளுகின்றனர்.

மெல்போர்னில் நாங்கள் கண்ட குளம், ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த பொறியாளர்கள் வகுத்த முறையில் அமைந்தது. சுமார் 2 ஹெக்டேர் பரப்பு. குளத்தை இரு பாகமாகப் பிரித்து நடுவே ஒரு நீண்ட மேடை செல்கிறது. அம்மேடைக்குள் வரிசையாக அமைந்த துடுப்புத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, இமைப்பொழுது இடைவெளியில் அசைந்து நீரைத் தள்ளுகின்றன. அதனால் மேடையின் இருபுறமும் சாய்வாக அலைகள் கிளம்புகின்றன. குளத்தின் அடித்தளத்தைப் பொறியாளர் திட்டமிட்டு மேடுபள்ளமாக வகுத்திருப்பதால், அலை உடையவேண்டிய இடத்திலே உடைகின்றது. மணிக்கு 1,000 அலைகள் வரை எழுப்ப இயலும் என்பது அதனை வகுத்தவர்களின் கணக்கு. தேர்ந்தவர்கள் மேடையை ஒட்டி உயர்ந்த அலைகளில் சறுக்குகிறார்கள். அவ்வலைகள் உடைந்து நுரையாகிக் கரையோரம் வந்து சேரும் ஆழமற்ற பகுதி, எம்மைப் போன்ற தொடக்க மாணாக்கர்க்கு உரியது.

பயிற்சி நீரில் தொடங்கவில்லை, தரையில் தொடங்கிற்று. நியோப்ரீன் என்னும் பொருளாலான இறுக்கமான உடையை அணிந்து, மென்மையான நுரைப்பொருளால் செய்த பெரிய பலகையை ஆளுக்கொன்றாகப் பெற்றுக்கொண்டோம். கணுக்காலையும் பலகையையும் இணைக்க ஒரு வார் உண்டு. எங்களுக்குப் பயிற்சி அளித்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. முதலில் விழும் முறையைத்தான் கற்பித்தார். தலைகீழாகப் பாயக்கூடாது, தட்டையாக விழவேண்டும், மேலே எழும்போது இரு கைகளாலும் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே எழும் முறை: பலகையில் குப்புறப் படுத்து, மார்புக்கு அருகே கைகளை ஊன்றி, உடலை உயர்த்தி, கால்களை அடியில் கொணர்ந்து, முழங்கால் மடங்கிய நிலையில் நிற்பது. நிற்கும்போது காலைப் பாராமல் கரையைப் பார்க்கவேண்டும் என்று பலமுறை வலியுறுத்தினார். எழும் முறையைக் கற்பிக்குமுன் விழும் முறையைக் கற்பிப்பது எத்துணைச் சிறந்த கல்வி முறை என்று எண்ணிக்கொண்டேன்.

என் மகள் இடுப்பளவு நீர்வரை வந்தாள். பொறி இயங்கத் தொடங்கியது. தாழ்ந்த முழக்கம் ஒன்று மேடையிலிருந்து எழுந்தது. முதல் அலையின் நுரை எங்களை நோக்கி வந்தது. அவள் பலகையை விட்டுவிட்டு என் கையைப் பற்றினாள். பயிற்சியாளர் அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை, தேற்றவும் இல்லை. "எண்ணிக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னார். அவள் எண்ணலானாள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நொடிகள் மாறவில்லை. உயரமும் மாறவில்லை. ஒரு தொகுதி அலைகள் வந்த பின் பொறி ஓய்ந்தது. குளம் தன் கலக்கம் தணிந்து தெளிந்தது. அடுத்த தொகுதியிலும் அதே எண்ணிக்கை, அதே இடைவெளி. மூன்றாம் தொகுதி தொடங்குமுன் அவள், "அப்பா, இது எப்போது வருமென்று எனக்குத் தெரிகிறது" என்றாள். அவளை ஏழு ஆண்டுகள் அச்சுறுத்தியது நீரன்று, அலையின் வலிமையுமன்று. எப்போது வரும் என்று அறிய இயலாமையே என்பதை நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

அதன் பின்னர் அவள் பலகையில் படுத்தாள். பயிற்சியாளர் பின்னிருந்து தள்ளினார். முதல் முறை விழுந்தாள். இரண்டாம் முறையும் விழுந்தாள். மூக்கில் நீர் ஏறி இருமினாள். ஆயினும் கரையை நோக்கி ஓடவில்லை. பலகையைத் திருப்பிக்கொண்டு மீண்டும் சென்றாள். ஏழாவதோ எட்டாவதோ அலையில் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்து, இரு கால்களிலும் நின்று, மூன்று நான்கு நொடிகள் கரையைப் பார்த்தவாறே வந்தாள். கரையில் நின்ற சித்தப்பாவின் பெயரைக் கூவிக்கொண்டே தண்ணீரில் சாய்ந்தாள். என் நிலையைக் கேட்பீராயின், நாற்பத்தெட்டு வயதில் என் முழங்கால்கள் அத்துணை விரைவாக மடங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு முறை நின்றேன். ஆனால் அந்த ஒரு முறை, காலுக்குக் கீழே நீர் தானாக ஓடி நம்மை ஏந்திச் செல்லும் உணர்வை எவ்வாறு விளக்குவது? மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் ரயிலிலும் நாம் பெறும் வேகம் ஒரு பொருளின் வேகம். இதுவோ ஓர் அசைவின் வேகம். நாம் பற்றிக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை.

மகிழ்ச்சியை மட்டும் சொல்லிவிட்டு அதன் விலையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 2 ஹெக்டேர் பரப்பில் சராசரி 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிறுத்தினாலே 2 கோடி லிட்டர் வேண்டும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீர் ஆவியாகிப் போனாலும், அது 1 லட்சம் லிட்டர் ஆகும். நம் நாட்டு நகரங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். அக்கணக்கின்படி, வெயில் உறிஞ்சிச் செல்லும் அந்நீர் எழுநூறு பேருக்கு மேற்பட்டோரின் ஒரு நாள் தேவை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததை நாம் மறக்கவில்லை. கலிபோர்னியாவின் பாலைப் பகுதியிலுள்ள லா கின்டா நகரமன்றம், இத்தகைய அலைக்குளத் திட்டம் ஒன்றுக்கு 2022-ஆம் ஆண்டில் இசைவு மறுத்தது. நீரைப் பற்றிய மக்களின் கவலை அதற்கு ஒரு முக்கிய காரணம். மேலும், தேங்கிய நீரை இடையறாது வடிகட்டித் தூய்மை செய்யவேண்டும். துடுப்புகளை இயக்க மின்சாரம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு நுழைவுக் கட்டணத்தில் வந்து சேர்கிறது. கடல் எவரிடமும் சீட்டுக் கேட்பதில்லை.

விலை ஒருபுறமிருக்க, இயல்பிலும் குளம் கடலாகாது. குளத்து நன்னீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆதலால் கடலில் பலகை சற்று எளிதாக மிதக்கும். ஆனால் கடலில் உடையும் அலைகளுக்கு இடையே, கரையிலிருந்து உள்நோக்கி இழுக்கும் நீரோட்டம் உண்டு. அதில் சிக்கியவர் எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாக நீந்தி அதன் பிடியினின்று விலகியபின் கரையேற வேண்டும். பார்வைக்கு அலையின்றி அமைதியாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் அந்த இழுப்பு உள்ள இடம் என்பதைக் குளம் ஒருநாளும் கற்பிக்காது. காற்றின் திசை, ஏற்றவற்றம், மணல்திட்டின் இடமாற்றம் ஆகிய யாவும் கடலின் பாடங்கள்; அவற்றைக் கரையோர மக்கள் பிறவியிலிருந்தே பயில்கின்றனர்.

சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் இன்று அலைச்சறுக்கில் பயிற்சியாளர்களாக விளங்குகின்றனர். கர்நாடகத்தின் முல்கியிலும் பயிற்சி நிலையங்கள் உண்டு. டோக்கியோவில் 2021-ஆம் ஆண்டில் நடந்த ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முதலாக இடம்பெற்றது. 2025-ஆம் ஆண்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நம் மாமல்லபுரத்திலேயே நடைபெற்றது. மெல்போர்னிலிருந்து திரும்பிய மறு ஆண்டு, விடுமுறையில் நாங்கள் கோவளத்துக்குச் சென்றோம். என் மகள் மணலில் அமர்ந்து வெகுநேரம் கடலை நோக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அங்கிருந்த பயிற்சியாளரிடம் சென்று, "அண்ணா, இழுப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவர் கைகாட்டி விளக்கிவிட்டு, "இன்று வேண்டாம், பாப்பா, நாளைக் காலையில் வா" என்றார். அவள் வாதாடவில்லை. மறுநாள் விடியலில் அவரோடு கடலில் இறங்கினாள். இறங்கினாள் என்பதைக் காட்டிலும், முந்திய நாள் இறங்காமல் நின்றாள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றிற்று. அச்சத்தால் நிற்பது வேறு. அறிந்து நிற்பது வேறு.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் நம் பிள்ளைகளுக்காக ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். அங்கே சொற்கள் அளந்து வருகின்றன. இலக்கணம் ஒழுங்காக வருகிறது. தவறினால் திருத்துவார் அருகில் இருக்கிறார். அது மதுரைக் கடைத்தெருவன்று, திருநெல்வேலித் திண்ணையுமன்று. அதனால் அது பொய்யாகிவிடுமா? ஆகாது. அளந்து வரும் அலையில் நிற்கப் பழகியவன், அளவின்றி வரும் அலையை எதிர்கொள்ளத் துணிகிறான். ஆனால் வகுப்பிலேயே நின்றுவிட்டால் மொழி வராது. குளத்திலேயே நின்றுவிட்டால் கடல் வராது. செயற்கையான நிலையம் எதுவாயினும், அது வாயிலாக இருக்கும்வரை பயனுடையது. அதுவே வீடாகிவிட்டால் பயன் குன்றிவிடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி உயிரிழக்கின்றனர் என்று அரசுப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. அவர்களுள் பெரும்பாலோர் அலைமீது சறுக்கச் சென்றவர்களல்லர். ஆற்றிலும் ஏரியிலும் குளத்திலும் கிணற்றிலும் மூழ்கியவர்கள். அலைக்குளம் நம்மூருக்கு வராமற் போகலாம். நீர்வளம் குன்றிய ஊர்களுக்கு அது வராமலிருப்பதே நன்று. ஆனால் நீச்சல் கற்றுத்தர ஒரு சாதாரணக் குளமும் பொறுப்புள்ள ஓர் ஆசிரியரும் போதும். நீங்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், உங்கள் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பியுங்கள். முதலில் மிதக்கவும், விழுந்தால் எழவும் கற்பியுங்கள். பிறகு விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கடலை வெறும் காட்சியாகக் காட்டாமல், கடலை அறிந்த ஒருவரிடம் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அவர் இறங்கு என்றால் இறங்கட்டும், நில் என்றால் நிற்கட்டும்.